பரிசுப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள்!

வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு எழுந்தால் நாம் என்னவெல்லாம் விசாரிக்கிறோம்! ஜாதகம், குலம், குடும்பம், பையனின் சம்பளம், ‘அந்தப் பழக்கம்’ எதுவும் உண்டா... தெருமுனை மளிகைக் கடைக்காரரைக்கூட நாம் விட்டுவைப்பதில்லை. ஆனால், அதே நம்மிடம் பழைய நண்பர் ஒருவர் ஒரு நாள் சாயங்காலம் வந்து, காபியை உறிஞ்சிக்கொண்டே ‘ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பிசினஸ் ஆரம்பிச்சா என்னடா?’ என்று கேட்டால்? அடுத்த வாரமே முத்திரைத்தாளில் கையெழுத்து. மனைவியின் நகை பேங்க்கில்! சில வருடங்கள் கழித்து நகையும் இருக்காது, நண்பரும் இருக்க மாட்டார்.

கூட்டு வியாபாரம் என்பதும் ஒரு கல்யாணம்தான். யாரோடு சேருகிறோம், அவர் என்ன கொண்டுவருகிறார், சேர்ந்தபிறகு நாம் நாமாக இருப்போமா... எல்லாமே அங்கேயும் உண்டு. இதை ஏரியில் நீந்தும் ஒரு பறவை நம்மில் பலரைவிடச் சரியாகச் செய்கிறது என்றால் சிரிப்பீர்கள். வாருங்கள், 1912-ம் ஆண்டின் வசந்த காலத்துக்குப் போய், அந்தப் பறவையைப் பார்த்துவிட்டு வரலாம்.

இங்கிலாந்தில், லண்டனுக்கு வடமேற்கே ட்ரிங் என்று ஓர் ஊர். அங்கே பெரிய நீர்த்தேக்கங்கள் உண்டு. ஜூலியன் ஹக்ஸ்லி என்ற இளம் உயிரியல் ஆராய்ச்சியாளர் விடுமுறையைக் கழிக்க அங்கே வந்தார். டார்வினின் கொள்கைக்காக மேடையேறி வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லியின் பேரன் இவர். பிற்காலத்தில் யுனெஸ்கோவின் முதல் தலைமை இயக்குநர் ஆனவரும் இவரே. சுமார் இரண்டு வாரம் கரையோரமாக இருந்து அவர் கண்கொட்டாமல் கவனித்தது, கொண்டை முக்குளிப்பானை. நம்மூர் ஏரி, குளங்களில் ‘களுக்’கென்று முங்கி வேறெங்கோ தலைநீட்டுமே சின்ன முக்குளிப்பான்... அதற்கு இது பெரியண்ணன் முறை. தலையில் கறுப்புக் கொண்டை, கன்னத்தைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் ஒரு சிலுப்பல் என்று பார்க்கவே ராஜ களை!

டார்வின் 1871-ல் ஒரு விளக்கம் கொடுத்திருந்தார். ஆண் அலங்கரித்துக்கொண்டு ஆடும். பெண் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். மயிலுக்கு அது சரி. ஆனால், ஹக்ஸ்லி பார்த்த பறவையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கொண்டை, ஒரே சிலுப்பல். அதுமட்டுமல்ல... இரண்டுமே ஆடின! எதிரெதிரே நின்று தலையை இப்படியும் அப்படியும் அசைக்கின்றன. பிறகு இரண்டும் தண்ணீருக்குள் முங்குகின்றன. மேலே வரும்போது இரண்டின் அலகிலும் அடியிலிருந்து பிடுங்கி வந்த நீர்ச்செடி! அப்படியே ஒன்றை நோக்கி ஒன்று நீந்தி வந்து, மார்போடு மார்பு உரசுகிற மாதிரி தண்ணீருக்கு மேல் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. இதற்கு ‘பென்குவின் நடனம்’ என்று பெயர் வைத்தார் ஹக்ஸ்லி. 1914-ல் அவர் வெளியிட்ட அந்த ஆய்வுக் கட்டுரையை விலங்குகளின் நடத்தை பற்றிப் படிப்பவர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, அந்த நீர்ச்செடி. முக்குளிப்பான் தண்ணீரின் மீது மிதக்கும் கூட்டைக் கட்டுவதே அதைக்கொண்டுதான். ஆக, நாளைய வேலைக்கான மூலப்பொருளை இரண்டு பேருமே கையோடு கொண்டுவந்து காட்டுகிறார்கள். இரண்டாவது, ஜோடி சேர்ந்த பிறகும் இந்தத் தலையசைப்புகள் நிற்பதில்லை. சேர்த்து வைப்பதற்காக மட்டுமல்ல, சேர்ந்தவர்கள் பிரியாமல் இருப்பதற்காகவும்தான் இந்தச் சடங்கு என்றார் ஹக்ஸ்லி.

‘அதெல்லாம் சரி சார், நகையை அடகு வைத்தவன் கதைக்கு வாருங்கள்’ என்கிறீர்களா? வருகிறேன். ஹக்ஸ்லியின் ஏரிக்கரையிலிருந்து இன்னும் வடமேற்கே போனால் பர்மிங்ஹாம். காலத்திலும் ஒரு 140 வருடம் பின்னால் போக வேண்டும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கருவிகளைச் செய்தும் பழுதுபார்த்தும் பிழைத்துக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் வாட். அந்தக் காலத்தில் சுரங்கங்களில் தண்ணீர் இறைக்க நியூகமன் என்பவரின் நீராவி இன்ஜின் இருந்தது. கரியை யானைத் தீனி போலத் தின்னும் இன்ஜின்! காரணம், ஒவ்வொரு தடவையும் அதே சிலிண்டரைச் சூடாக்கி, உடனே குளிரவும் வைக்கவேண்டியிருந்தது. 1765-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘கிளாஸ்கோ கிரீன்’ பூங்காவில் நடந்து போய்க்கொண்டிருந்த வாட்டின் மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை... நீராவியைக் குளிர வைக்கத் தனியாக ஒரு பாத்திரம் வைத்துவிட்டால்? சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும். கரி மிச்சம்!

யோசனை பிறந்துவிட்டது. பணம்? ஜான் ரோபக் என்ற தொழிலதிபர் முன்வந்தார். வாட்டுக்கு இருந்த சுமார் 1,000 பவுண்டு கடனை ஏற்றுக்கொண்டு, கண்டுபிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டார். 1769-ல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால், காற்று ஒழுகாத சிலிண்டரைச் செய்யத்தான் ஆளில்லை. வாட் வயிற்றுப்பாட்டுக்காகக் கால்வாய்களுக்கு நிலம் அளக்கப் போய்விட்டார்.

இதற்கிடையில், 1768-ல் பர்மிங்ஹாமில் ஒருவரைச் சந்தித்திருந்தார் வாட். பெயர் மாத்யூ போல்ட்டன். பட்டன், கொக்கி, வெள்ளிச் சாமான்கள் என்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்களை வைத்து ‘சோஹோ’ தொழிற்சாலையை ஜாம் ஜாமென்று நடத்தியவர். கைதேர்ந்த உலோகத் தொழிலாளிகள் இவரிடம் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் பார்த்தவுடனேயே பிடித்துப்போயிற்று. ‘சரி, உடனே கையெழுத்துப் போட்டார்கள்’ என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. 1769-ல் ரோபக் தரப்பிலிருந்து, ‘மூன்று மாவட்டங்களில் மட்டும் இந்த இன்ஜினைச் செய்யும் உரிமையைத் தருகிறோம்’ என்று போல்ட்டனுக்குத் தூதுவிட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். மூன்று மாவட்டத்துக்காக மட்டும் செய்தால் கட்டுப்படியாகாது, செய்தால் உலகம் முழுக்க விற்கிற மாதிரி செய்ய வேண்டும் என்பது அவர் பதில்!

வேறு யாராவது என்றால் முறுக்கிக்கொண்டு போயிருப்பார்கள். இவர்கள் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 1773-ல் ரோபக் திவாலானார். கடன்காரர்களில் போல்ட்டனும் ஒருவர். வரவேண்டிய பாக்கி சுமார் 1,200 பவுண்டு. மற்ற கடன்காரர்கள் அந்த இன்ஜின் பங்கைச் சல்லிக்காசு மதிப்பில்லாதது என்று ஒதுக்க, போல்ட்டன் ‘என் பாக்கிக்குப் பதிலாக அதையே கொடுங்கள்’ என்று வாங்கிக்கொண்டார். அதே வருடம், வாட் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் நிலம் அளந்துகொண்டிருந்தபோது, பிரசவத்தில் அவர் மனைவி மார்கரெட் இறந்துபோனார். மனைவியும் இல்லை, முதல் கூட்டாளியும் விழுந்துவிட்டார். 1774-ல் உடைந்த மனதோடு பர்மிங்ஹாமுக்கு வந்து சேர்ந்தார் வாட். 1775-ல் பார்லிமென்ட் காப்புரிமையை 1800 வரை நீட்டித்துச் சட்டம் போட்டது. அதன்பிறகுதான் 25 வருடக் கூட்டு ஒப்பந்தம். முதல் சந்திப்பிலிருந்து எண்ணிப் பாருங்கள்... ஏழு வருடம்!

ஒப்பந்தத்தில் போல்ட்டனுக்கு மூன்றில் இரண்டு பங்கு, செலவு முழுவதும் அவருடையது. வாட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு, மூளை அவருடையது. ஒருவர் அலகில் பட்டறையும் பணமும். இன்னொருவர் அலகில் இன்ஜின். இரண்டுமே நிஜமான நீர்ச்செடி! இதோடு ஜான் வில்கின்சன் என்ற இரும்புத் தொழிலதிபர் பீரங்கிக் குழாய் குடைவதற்கு 1774-ல் உருவாக்கியிருந்த எந்திரம், துல்லியமான சிலிண்டர் பிரச்னையையும் தீர்த்துவைத்தது. 1776-ல் இன்ஜின்கள் ஓட ஆரம்பித்தன.

வாட் சுபாவத்தில் பயந்தவர். அடிக்கடி தலைவலி, எதற்கெடுத்தாலும் ‘எல்லாம் போச்சு’ என்கிற புலம்பல். பேரம் பேசுவது என்றால் அவருக்கு வேப்பங்காய். போல்ட்டனோ உற்சாகத்தின் மறுபெயர். சொத்தை விற்றும் கடனை வாங்கியும் தொழிலை நடத்தியவர். 1781-ல் ‘தண்ணீர் இறைத்தது போதும், சக்கரத்தைச் சுற்றும் இன்ஜின் செய், ஆலைகள் எல்லாம் காத்திருக்கின்றன’ என்று வாட்டை விடாமல் நச்சரித்து, செய்யவும் வைத்தார். வாட் புலம்புவதும் போல்ட்டன் தட்டிக்கொடுப்பதும் கடைசிவரை தொடர்ந்தது. கையெழுத்துப் போட்டபிறகும் தலையசைப்பு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வாடிக்கையாளரிடம் அவர்கள் போட்ட கணக்கும் அழகு. ‘பழைய இன்ஜினைவிட எங்கள் இன்ஜின் எவ்வளவு கரியை மிச்சம் பிடிக்கிறதோ, அந்த மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை எங்களுக்குக் கொடுங்கள், போதும்!’ இன்ஜின் எத்தனை தடவை அடித்தது என்று எண்ணப் பூட்டிய பெட்டிக்குள் ஒரு கருவி வேறு. சும்மா சொல்லக்கூடாது, வாய்ப்பேச்சுக்கு இடமே வைக்கவில்லை.

‘எல்லாம் தேனும் பாலுமா?’ இல்லை. பணம் கட்ட மறுத்த கார்ன்வால் சுரங்க முதலாளிகளோடு மல்லுக்கட்டு, 1790-களில் கோர்ட் படியேறல் எல்லாம் உண்டு. காப்புரிமையை வைத்துக்கொண்டு மற்ற கண்டுபிடிப்பாளர்களை இவர்கள் தலையெடுக்க விடவில்லை என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஆனால், அந்தச் சண்டைகள் எல்லாம் வெளியாட்களோடு. ஒருவருக்கொருவர் முதுகில் குத்திக்கொள்ளவில்லை.

சரி, எல்லா உயிரும் முக்குளிப்பான் மாதிரி நேர்மையாக நடந்துகொள்கிறதா என்றால், அங்கேதான் வேடிக்கை. நடன ஈ என்று ஒரு பூச்சி இனம் உண்டு. இதில் பல வகைகளில் ஆண் ஈ ஒரு சின்னப் பூச்சியைப் பிடித்துக் கொண்டுவந்து பெண்ணுக்குக் கொடுக்கும். அது சாப்பிட்டு முடிப்பதற்குள் ஆண் காரியத்தை முடித்துக்கொள்ளும். சில வகைகள் அந்த இரையைப் பட்டு போன்ற இழையால் சுற்றி, கிஃப்ட் பார்சலாகவே கொடுக்கும்!

1870-களில் ஆஸ்டன்-சாக்கன் என்ற ரஷ்யப் பிரபு சுவிட்சர்லாந்து மலைகளில் இந்த ஈக்களில் ஒரு வகையைப் பார்த்தார். தொழில், தூதரக உத்தியோகம்; ஆசை, ஈ ஆராய்ச்சி! ஆண் ஈக்கள் வெள்ளை வெளேரென்று பளபளக்கும் பட்டுப் பலூன்களைத் தூக்கிக்கொண்டு பறந்தன. பிடித்துப் பிரித்துப் பார்த்தால்... உள்ளே ஒன்றுமே இல்லை! காலிப் பொட்டலம்! 1955-ல் எட்வர்ட் கெஸல் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பலவகை நடன ஈக்களை வரிசைப்படுத்தி இந்த மர்மத்துக்கு விளக்கம் சொன்னார். முதலில் வெறும் இரை, பிறகு பட்டு சுற்றிய இரை, பிறகு சக்கை இரையும் நிறையப் பட்டும், கடைசியில் பட்டு மட்டும். உள்ளே இருந்த சரக்கு படிப்படியாகக் குறைந்து, பேக்கிங் மட்டும் மிஞ்சிவிட்டது!

இப்போது 2000-ம் ஆண்டு ஜனவரி 10-ம் தேதிக்கு வாருங்கள். நியூயார்க். ஏ.ஓ.எல் என்ற இன்டர்நெட் கம்பெனியும் டைம் வார்னரும் ஒன்று சேரப் போவதாக அறிவிப்பு. டைம் வார்னர் என்றால் சாதாரணமா? சி.என்.என், ஹெச்.பி.ஓ, வார்னர் சினிமா ஸ்டூடியோ, டைம் பத்திரிகை எல்லாம் அதன் கையில். மேடையில் ஒரு தமாஷ். இன்டர்நெட்காரரான ஸ்டீவ் கேஸ் அன்று டை கட்டிக்கொண்டு வந்தார். எப்போதும் கோட்டும் டையுமாக இருக்கும் டைம் வார்னரின் ஜெரால்டு லெவின் டை இல்லாமல் வந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் அலங்காரத்தை மாற்றிப் போட்டுக்கொண்ட கதை!

பணம் கைமாறவில்லை, எல்லாம் ஷேர். வருமானத்தில் டைம் வார்னர்தான் பல மடங்கு பெரிது. ஆனால், ஷேர் மார்க்கெட்டில் ஏ.ஓ.எல்லின் பலூன் அப்போது பளபளவென்று உப்பியிருந்தது. எனவே புதிய கம்பெனியில் ஏ.ஓ.எல் பங்குதாரர்களுக்கு 55 சதவிகிதம், டைம் வார்னர்காரர்களுக்கு 45! 2001 ஜனவரியில் இணைப்பு முடிவதற்குள்ளேயே இன்டர்நெட் ஷேர்கள் சரிய ஆரம்பித்துவிட்டன. 2002-ம் ஆண்டுக்கான கணக்கில் காட்டப்பட்ட நஷ்டம் சுமார் 9,870 கோடி டாலர். அதுவரை எந்த அமெரிக்க கம்பெனியும் ஒரே வருடத்தில் அவ்வளவு நஷ்டம் காட்டியதில்லை. ஷேரை நம்பி ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்து வைத்திருந்த ஊழியர்களின் வயிற்றில் ஈரத்துணி. ஆன்லைன் விளம்பர வருமானத்தை ஊதிக் காட்டியதற்காக 2005-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு 30 கோடி டாலர் அபராதம் கட்ட டைம் வார்னர் ஒப்புக்கொண்டது. 2009-ல் இரண்டும் தனித்தனியே பிரிந்தன. பட்டைப் பிரித்து உள்ளே பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

மூன்றாவதாக ஒரு ஜோடி. இவர்களைப் பார்க்க ஆழ்கடலுக்குள் இறங்க வேண்டும். 1922-ல் ஐஸ்லாந்து விஞ்ஞானி பியார்னி சேமுண்ட்சன், ஒரு பெரிய தூண்டில் மீனின் வயிற்றில் இரண்டு குட்டி மீன்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். தாயும் பிள்ளைகளும் என்றே நினைத்தார். 1925-ல் லண்டனில் டேட் ரீகன் என்பவர், இதேபோல் ஒட்டியிருந்த ஒரு குட்டியை அறுத்துப் பார்த்து அசந்துபோனார். அது பிள்ளை அல்ல... புருஷன்! கும்மிருட்டில் பெண்ணைக் கண்டதும் ஆண் கடித்துப் பிடித்துக்கொள்ளும். தோலோடு தோல் ஒட்டும், ரத்தக்குழாய்களும் இணைந்துவிடும். அதற்கப்புறம் அந்த ஆணுக்குத் தனிச் சாப்பாடு கிடையாது, தனிப் பயணம் கிடையாது.

ஒரு உடம்பு இன்னொரு உடம்பை எப்படி ஏற்றுக்கொள்கிறது? நமக்குச் சிறுநீரகம் மாற்றிவைத்தாலே உடம்பு எதிர்க்கிறதே! 2020-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொன்னது. இப்படி ஒட்டிக்கொள்ளும் வகைகள், அந்நியத்தை எதிர்க்கும் நோய் எதிர்ப்பு சக்தியின் முக்கியமான பகுதிகளையே இழந்துவிட்டன. முழுசாகக் கலப்பதற்கு அவை கொடுத்த விலை அது.

இதற்கும் ஒரு கம்பெனிக் கதை உண்டு. 1998 மே 7-ம் தேதி, ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸும் அமெரிக்காவின் கிரைஸ்லரும் கைகோத்தன. 3,600 கோடி டாலர் கல்யாணம்! டெய்ம்லரின் தலைவர் யூர்கன் ஷ்ரெம்ப், கிரைஸ்லரின் ராபர்ட் ஈட்டனை அந்த ஜனவரியில் போய்ப் பார்த்து முதன்முதலில் பேச்செடுத்தபோது, அந்தச் சந்திப்பு அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. அறிவிப்பு வருவதற்கு நான்கே மாதம். ‘இது சமமானவர்களின் இணைப்பு’ என்றார்கள். 2000-ல் ஈட்டன் வெளியேறினார். மற்ற அமெரிக்க அதிகாரிகளும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அதே வருடம் ஒரு பேட்டியில், கிரைஸ்லர் தன் கம்பெனியின் ஒரு பிரிவாக இருக்கவேண்டும் என்பதே ஆரம்பத்திலிருந்து தன் எண்ணம் என்கிற அர்த்தத்தில் ஷ்ரெம்ப் பேச, பெரிய பங்குதாரர் ஒருவர் கோர்ட்டுக்கே போனார். மோசடி எதுவும் நடக்கவில்லை என்று 2005-ல் தீர்ப்பானது. ஆனாலும், 2007-ல் கிரைஸ்லரின் 80.1 சதவிகிதத்தை 740 கோடி டாலர் பேரத்தில் டெய்ம்லர் கைகழுவியது. 2009-ல் கிரைஸ்லர் திவால் கோர்ட்டில் நின்றது. ஒட்டியதைப் பிரித்து எடுத்தபோது, தனியாக நீந்தும் தெம்பு அதனிடம் மிச்சமில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஈயும் மீனும் நமக்குப் பாடம் நடத்துவதற்காக வாழவில்லை. காலிப் பலூன் கொடுக்கும் ஈயை ‘மோசடிப் பேர்வழி’ என்று திட்டுவதில் அர்த்தமில்லை. அந்த வழியிலேயே அதன் வம்சம் தழைத்திருக்கிறது. ஒட்டிக்கொள்ளும் மீனுக்கும் அந்த இருட்டில் வேறு வழி இல்லை. ஆனால், உங்களுக்கும் எனக்கும் வழி இருக்கிறது. நாம் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ‘இரு, யோசித்துச் சொல்கிறேன்’ எனலாம். போல்ட்டன் மாதிரி முதல் தடவை மறுத்துவிட்டு, நட்பையும் வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, அடுத்த தடவை அந்த நண்பர் காபி டம்ளரோடு வந்தால் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். ‘நீ என்ன கொண்டுவருகிறாய்... கண்ணால் பார்க்கலாமா?’ ‘நான் தளர்ந்துபோய்ப் புலம்பினால் உட்கார்ந்து கேட்பாயா?’ ‘நாளைக்கே பிரிந்தால் நான் தனியாக நடக்க முடியுமா, எப்படிப் பிரிவது என்பதையும் இப்போதே எழுதிவிடலாமா?’ உண்மையான கூட்டாளிக்கு இந்தக் கேள்விகளால் கோபம் வராது. வந்தால், பத்திரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நட்பையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

போல்ட்டன், வாட் கதை எப்படி முடிந்தது என்று சொல்லவில்லையே! 1800-ல் எழுதி வைத்தபடி கூட்டு முடிந்தது. இருவரும் தொழிலைத் தங்கள் மகன்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கினார்கள். 1809-ல் போல்ட்டன் மறைந்தார்; பத்து வருடம் கழித்து, 1819-ல் வாட். இரண்டு பேரையும் அடக்கம் செய்திருப்பது பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள ஒரே தேவாலயத்தில். 2011-ல் இங்கிலாந்து வங்கி வெளியிட்ட 50 பவுண்டு நோட்டிலும் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தார்கள்.